மூன்று மணி நேரக் கூடுதல் வெளிச்சம்

ஜூன் 2, ஞாயிறு

தொட்டி வந்துவிட்டது! உக்கடத்திலிருந்து வடவள்ளி வரைக்கும் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் ஆட்டோக்காரரைத் திட்ட, அவர் ரோட்டைத் திட்ட, ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்ந்தோம். இரண்டடி நீளம், அறுபது லிட்டர். மீனுக்கு இல்லை, செடிக்கு. மீன் வேண்டுமானால் பிறகு ஆறேழு வாங்கி விட்டுக்கொள்ளலாம்.

கடைக்காரர் ஜபருல்லா பாய் ஒரு போட்டி நடத்துகிறார். அவரிடம் செடித்தொட்டி வாங்கியவர்கள் முப்பத்திரண்டு பேர். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நடுவர்கள் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள், கடைசி நாளான 4-ஆம் தேதி என் வீட்டுக்கு. தரை முழுக்கப் புல் மூடியிருக்க வேண்டும், பாசி இருக்கக் கூடாது. தினமும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி. எழுதுவது எனக்கென்ன புதிதா? இருபத்தாறு வருஷமாக மின்வாரியத்தில் கணக்கீட்டாளன். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. முதல் பரிசு எனக்குத்தான், இப்போதே எழுதி வைக்கிறேன்.

வடக்கு அறையில் ஒரு மேஜை சும்மா கிடக்கிறது. அதன் மேல் வைத்தேன். சாந்தாமணி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, அந்த மேசை மேலயா?"

"சும்மாதானே கெடக்குது."

அவள் டிராயரைத் திறந்து, பேனா பென்சில்களை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 3, திங்கள்

மண் பரப்பியாயிற்று. இன்று குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. ஆறு குடம் பிடித்து ஊற்றினேன்.

"குடிக்கற தண்ணியவா ஊத்தறீங்க?"

"போர் தண்ணி உப்பு, சாந்தா. அதுல இந்தப் புல்லு வராது."

"குடுத்து வெச்ச புல்லு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஏழாவது குடத்தை அவளே தூக்கி வந்தாள்.

ஜூன் 5, புதன்

நட்டேன்! ஹேர்கிராஸ் என்று பெயர். தலைமுடி அளவுக்கு மெல்லிய புல். நீளமான இடுக்கியில் பிடித்துத் தண்ணீருக்குள் கையை விட்டு ஒவ்வொரு கொத்தாக மண்ணில் செருக வேண்டும். நாற்பது கொத்து, நான்கு மணி நேரம். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் எழுந்து நின்று பார்த்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்ல முடியாது.

விளக்கு அறுபது வாட். டைமர் மாட்டிவிட்டேன். காலை ஆறு முதல் பத்து, மாலை ஐந்து முதல் ஒன்பது. மொத்தம் எட்டு மணி நேரம். வேலைக்குப் போகும் முன்பும் பார்க்கலாம், வந்த பிறகும் பார்க்கலாம். டைமரின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் நேரம் காலம் பார்க்காமல் விளக்கு எரியும். அதை யாரும் தொடக் கூடாது என்று சாந்தாமணியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

முப்பத்தொரு கொத்து மேலே மிதக்கிறது.

ஜூன் 7, வெள்ளி

திரும்ப நட்டேன். திரும்ப மிதந்தது. இடுக்கியைத் தூக்கி எறியலாம் என்று இருந்தபோது சாந்தாமணி தோசைக் கரண்டியோடு வந்தாள்.

"கத்தையா நடாதீங்க. நாலு நாலு இழையாப் பிரிச்சுக்குங்க. நேராக் குத்தாம சாய்ச்சு உள்ள தள்ளி, நுனி மட்டும் வெளிய தெரியற மாதிரி உடுங்க."

செய்து பார்த்தேன். ஒன்றுகூட மிதக்கவில்லை! இவளுக்கு எங்கிருந்து வந்தது இந்த அறிவு? வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடியை இரண்டு முறை சாகடித்தவள்.

ஜூன் 11, செவ்வாய்

செடிக்குக் கரியமில வாயு கொடுக்க ஒரு பாட்டிலில் அஸ்கா சர்க்கரையும் ஈஸ்ட்டும் வெதுவெதுப்பான தண்ணீரும் ஊற்றி, குழாய் வழியாகத் தொட்டிக்குள் விட்டேன். பாட்டில் நுரை கக்கி மூடியைத் தூக்கி எறிந்தது. அறை முழுக்கப் புளித்த மாவு வாசம். சாந்தாமணி சர்க்கரை டப்பாவை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது!

காலை ஒன்பதரை மணிக்குப் புல்லின் நுனியில் பொட்டு மாதிரி ஒரு குமிழி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. பிறகு பத்து, இருபது, நூறு. இழை இழையாக வரிசை கட்டி மேலே ஏறுகின்றன. நான் வைத்த வெளிச்சத்தைத் தின்று செடி மூச்சு விடுகிறது! ஐம்பத்து மூன்று வயதில் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, "சாந்தா, ஓடி வா, ஓடி வா" என்று கத்தினேன். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். மேல்வீட்டு சார்கூட இறங்கி வந்துவிட்டார்.

வீடியோ எடுத்தேன். உடனே யாருக்காவது அனுப்ப வேண்டும்போல் இருந்தது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். 'ரூபிகா' என்ற பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. போனை வைத்துவிட்டேன்.

இது தொட்டி நோட்டு. இருந்தாலும் எழுதுகிறேன். ரூபிகா என் மகள். எம்.எஸ்ஸி. முடித்தவள். வங்கித் தேர்வுக்குப் படி என்றேன். அவள் மண்டபம் என்ற கடலோர ஊருக்குப் போய்க் கடலுக்கடியில் கடற்புல் நடுகிற ஒரு குழுவில் சேர்ந்தாள். போன வருஷம் ஏப்ரலில், என் தம்பி வீட்டு விசேஷத்தில், சாதிசனம் எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன்: "தண்ணிக்குள்ள போயிப் புல்லுப் புடுங்கறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" எல்லோரும் சிரித்தார்கள். "புடுங்கற வேலை இல்லீங்ப்பா, நடற வேலை" என்றாள். அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாள். பதினான்கு மாதமாகப் பேச்சு இல்லை. நானாகப் போன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை.

தொட்டி வாங்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு ரொம்ப நாளாகவே செடி என்றால் ஆசை.

ஜூன் 24, திங்கள்

கிளை விட்டிருக்கிறது! மண்ணுக்கடியில் கொடி ஓட்டி, இரண்டு விரற்கடை தள்ளிப் புதுமுளை. எண்ணினேன், பதினெட்டு. எண்ணி முடித்துத் திரும்பவும் எண்ணினேன், இருபது.

ஜூன் 30, ஞாயிறு

முக்கால்வாசித் தரை பச்சை. ஆறு நியான் டெட்ரா மீன் வாங்கி விட்டேன். நீலக் கோடு போட்டுக்கொண்டு கூட்டமாகத் திரிகின்றன. பாயின் வாட்ஸப் குழுவில் போட்டோ போட்டேன். இருபத்தாறு பேர் கட்டை விரல் தூக்கினார்கள். சாந்தாமணி, "அந்தப் போட்டோவ எனக்கும் அனுப்புங்க" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "எதுக்கா? நான் பாக்கக் கூடாதா?"

ஜூலை 3, புதன்

பாசி. இடது மூலையில் பச்சை நூல் மாதிரி, புல்லைச் சுற்றிக்கொண்டு. பல் துலக்கும் பிரஷ்ஷில் சுருட்டி எடுத்தேன்.

ஜூலை 4, வியாழன்

எடுத்த இடத்தில் இரண்டு பங்கு பாசி. வேலை முடிந்து நேராக உக்கடம் போனேன்.

"வெளிச்சம் ஜாஸ்தியாவுது சார்" என்றார் பாய்.

"எட்டு மணி நேரம், பாய். டைமர் வெச்சிருக்கேன்."

"இல்ல சார். நூல் பாசி வந்துச்சுன்னா வெளிச்சம்தான். பத்து, பதினொரு மணி நேரம் எரியுது உங்க லைட்டு."

"இருபத்தாறு வருசமாக் கரண்டுலயே இருக்கறவன் நானு. என்ர வீட்டு லைட்டு எத்தன நேரம் எரியுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அளந்துட்டு வாங்க, சார்" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். கோபமாக வந்தது. வரும் வழியிலேயே ஒரு சப்-மீட்டர் வாங்கி, தொட்டியின் பிளக்கில் மட்டும் மாட்டிவிட்டேன். விளக்கு அறுபது வாட், எட்டு மணி நேரத்துக்கு 0.48 யூனிட். தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டி பத்து வாட், நாள் முழுக்க 0.24. ஆக, 0.72 வர வேண்டும். தினமும் மாலை ஏழு மணிக்குக் குறித்து, பாயின் முகத்துக்கு நேரே நீட்டுகிறேன்.

ஜூலை 5, வெள்ளி

0.90.

ஜூலை 6, சனி

0.90. இது மீட்டர் கோளாறு.

ஜூலை 8, திங்கள்

நேற்று ஞாயிறு, 0.72 காட்டியது. இன்று மறுபடி 0.90. மீட்டருக்கு மூளை குழம்பிவிட்டதா?

இன்று வேலையில் ஒரு அம்மா பிடித்துக்கொண்டார். "உங்க மீட்டரு கண்டபடி ஓடுதுங்க. எங்கூட்டுல ஆரும் எதும் போடறதே இல்லீங்க." நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "மீட்டர் பொய் சொல்லாதுங்கம்மா. வீட்டுல ஆராவது போட்டிருப்பாங்க, கேட்டுப் பாருங்க." வருஷத்துக்கு முந்நூறு பேரிடமாவது இதைச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து சாந்தாமணியிடம், "இந்த மீட்டர் கெட்டுப்போச்சு, கண்டபடி ஓடுது" என்றேன். அவளுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்த பிறகு கேட்டேன்.

"பகல்ல நீ லைட்டப் போட்டியா?"

"ஆரும் போடலீங்க" என்றாள், முருங்கைக்கீரையைப் பார்த்துக்கொண்டே.

ஜூலை 10, புதன்

ஆபீஸிலிருந்து சோதித்த மீட்டர் ஒன்று கொண்டுவந்து மாட்டினேன். 0.90. அப்படியானால் மின்கசிவு. வயர் எல்லாம் மாற்றினேன். பாசி நடுவரைக்கும் வந்துவிட்டது. தினமும் ஒரு உருண்டை எடுக்கிறேன். இன்னும் இருபத்தைந்து நாள். ஆனால் பாசிக்கு நடுவிலும் புல் புதுமுளை விடுகிறது. இதை நான் விட மாட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

0.90. சாந்தாமணி இன்று, "செத்த எலையெல்லாம் கிள்ளிப் போடுங்க, அழுகுனாத்தான் பாசி தின்னும்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். டிவியில் சொன்னார்களாம். எந்த டிவியில்?

ஜூலை 17, புதன்

மொஹரம் லீவு. நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். 0.72!

நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். நான் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் 0.72. இல்லாத நாளெல்லாம் 0.90. வித்தியாசம் 0.18. அறுபது வாட்டுக்கு மிகச் சரியாக மூன்று மணி நேரம். இதே கணக்கை வேறு வீட்டில் பார்த்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். என் வீடு என்பதால் மீட்டரை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 18, வியாழன்

இன்று வேலை வடவள்ளியிலேயே. மத்தியானம் இரண்டரை மணிக்கு எங்கள் தெரு வந்தது. வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். எங்கள் வீட்டு மீட்டர் பெட்டி வடக்கு அறை ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில். ஜன்னல் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

"பாரு கண்ணு, இந்த மூலையில இன்னைக்கு ஏழு மொளை புதுசு" என்று சாந்தாமணியின் குரல்.

"போனை இன்னும் கொஞ்சம் கீழ எறக்குங்மா. ஐயோ, எத்தன அழகு! அப்பா சாய்ச்சு நட்டிருக்கறது அப்படியே நாங்க கடல்ல நடற மாதிரியே இருக்குது."

ரூபியின் குரல். பதினைந்து மாதம் கழித்துக் கேட்கிறேன்.

"நீ சொன்னதத்தான நான் அவருகிட்டச் சொன்னேன்" என்று சாந்தாமணி சிரித்தாள். "காலைல கடலுக்குள்ள போனியே, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டங்மா. அம்மா, அந்தப் பாசி... அது நீங்க லைட்டுப் போடறதாலதான். இனிமே போடாதீங்க. அப்பா போட்டியில தோத்துருவாரு."

"அப்புறம் உனக்கு நான் எதக் காட்டறது? லைட்டு இல்லாட்டி போன்ல ஒரே இருட்டா இருக்குது."

"இருட்டுலயே பாத்துக்கறேன்."

"அணைச்சுப்போடட்டுமா இப்ப?"

ரூபி சொன்னாள். "இன்னொரு ரெண்டு நிமிசம்ங்மா. அந்த மீனு இந்தப் பக்கம் வரட்டும்."

மீட்டரின் சிவப்புப் பொட்டு மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கையில் நோட்டும் பேனாவுமாக, என் வீட்டு மீட்டருக்கு முன்னால், வெயிலில் நின்று அழுதேன். எதிர்வீட்டு நாய் என்னையே பார்த்தது.

உள்ளே போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இன்னும் பதினேழு வீடு பாக்கி இருந்தது, பார்த்து முடித்தேன்.

0.90. மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

டைமரை மாற்றிவிட்டேன். இனி மத்தியானம் ஒரு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும். காலையில் இருட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தேன். பரவாயில்லை.

சாயங்காலம் சாந்தாமணி மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, டைமரை மாத்திப்போட்டீங்களா?"

"ஆமா. செடிக்கு மத்தியான வெளிச்சம்தான் நல்லதாமா."

"ஆரு சொன்னா?"

"டிவியில சொன்னாங்க."

இன்று 0.72.

ஜூலை 25, வியாழன்

பாசி பழுப்பாகிக் கழன்று வருகிறது! பாய்க்குப் போன் செய்து, அவர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டேன். "அப்ப எங்க சார் ஜாஸ்தியா எரிஞ்சுது?" என்றார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க பாய், நேரத்தை மாத்தி வெச்சேன்" என்றேன்.

ஜூலை 31, புதன்

தரையே தெரியவில்லை. மூலைக்கு மூலை பச்சை. டெட்ராக்கள் அதன் மேல் போகும்போது அவற்றின் நீலம் இரண்டு மடங்காகத் தெரிகிறது. வேலைக்குப் போகவே மனம் இல்லை. இன்று இரண்டு முறை ரூபி நம்பரை எடுத்தேன். ஒரு தடவை 'கண்ணு' என்று எழுதி அழித்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

நடுவர்கள் நாளை காலை பத்து மணிக்கு வருகிறார்கள். அதற்காக இன்று காலையிலிருந்தே டைமர் எட்டு முதல் நான்கு. நேற்று ராத்திரி கண்ணாடி துடைத்தது போதாமல் இன்றும் துடைத்தேன்.

நோட்டைக் கொடுக்க வேண்டும் என்று விதி. எடுத்துப் படித்துப் பார்த்தேன். இதைக் கொடுக்க முடியாது. தொட்டிக்குச் சம்பந்தம் இல்லை என்று நான் எழுதிய இடங்கள்தான் இதில் பாதி. வேறு நோட்டில் எண்களை மட்டும் நகல் எடுத்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பாயும், கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ஒரு அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா தொட்டிக்கு முன்னால் குனிந்தவர் ஐந்து நிமிடம் நிமிரவே இல்லை. "இந்த நடவு முறை யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார். பிறகு எண்கள் எழுதிய நோட்டைப் புரட்டினார்.

"பகல் ஒரு மணிக்கே லைட் எரியுதே. அப்ப நீங்க வேலைக்குப் போயிருப்பீங்க. மத்தவங்க எல்லாம் தாங்க பாக்கற நேரத்துக்குத்தான் வெக்கறாங்க. இங்க யாரு பாக்கறது?"

பாய் என்னைப் பார்த்தார். சாந்தாமணி டீத் தட்டோடு வாசற்படியில் நின்றாள்.

"பாக்கறதுக்கு ஆள் இருக்குதுங்க" என்றேன். "மண்டபத்துல. என்ர பொண்ணு. கடல்ல புல்லு நடறா. இந்த நடவும் அவ சொன்னதுதான்."

தட்டில் டம்ளர்கள் கலகலவென்று ஆடின. பாய் எழுந்து போய் வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போனதும் சாந்தாமணி தன் போனை எடுத்து நம்பரைப் போட்டு என் கையில் திணித்தாள். திரையில் ரூபி. கறுத்து, இளைத்து, தலைமுடியெல்லாம் உப்பு.

"அம்மா, நடுவருங்க வந்தாச்சா, என்ன..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். "அப்பா."

என் வாயில் வந்தது இதுதான்: "அங்க உன்ர புல்லுக்கு எத்தன மணி நேரம் வெளிச்சம் கெடைக்குது?"

அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்ட. "சூரியனுக்கு டைமரு இல்லீங்ப்பா."

"எத்தன தூரம் நட்டிருக்கறீங்க?"

"எட்டுப் பேரு சேர்ந்து இதுவரைக்கும் மூணு ஏக்கர்."

"நான் ரெண்டடிதான் நட்டேன். அதுக்கே இடுப்பு போச்சு."

"தெரியுமுங்ப்பா. தைலம் தேச்சதுகூடத் தெரியும்."

"அன்னைக்குப் புடுங்கறதுன்னு சொன்னேனே, அது தப்பு சாமி" என்றேன். "நடற வேலைதான்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். சாந்தாமணி என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, "அழுவாத கண்ணு, மீனு இந்தப் பக்கம் வருது பாரு" என்றாள்.

அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. ரூபி மூலை மூலையாகக் காட்டச் சொன்னாள். கொடி ஓடிய இடம், பாசி பிடித்த இடம், ஏழு முளை வந்த இடம், எல்லாவற்றையும் காட்டினேன். மேஜை காலில் அவள் எட்டாம் வகுப்பில் காம்பஸால் கீறிய பெயரைக்கூடக் காட்டினேன். சாந்தாமணி சாப்பாட்டுத் தட்டை அந்த அறைக்கே கொண்டுவந்துவிட்டாள். ரூபி செய்கிற வேலையைப் பற்றி நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்த மாதம் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீச்சல் தெரியாது. படகில் உட்கார்ந்துகொண்டு பார்க்கலாமாம்.

நான்கு மணிக்கு டைமர் 'டக்' என்றது. தொட்டி இருண்டது. ரூபி பாதி வாக்கியத்தில் இருந்தாள். நான் கையை நீட்டி, பக்கவாட்டிலிருந்த பொத்தானை அழுத்தினேன்.

"ஐயோ, அப்பா, எட்டு மணி நேரம் ஆயிருச்சு. போதும், அணைங்க. மறுபடியும் பாசி வந்துரும்."

"வந்தா வரட்டும். நீ சொல்லு."

ஆறு மணி வாக்கில் பாய் என் போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். மூன்றாம் பரிசு. எட்டு மணிக்குத்தான் பார்த்தேன்.

ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுச் சப்-மீட்டரைக் குறித்தேன். 0.90.

மீட்டர் பொய் சொல்லாது.